பழைய காணியா, புதிய இடமா?

மழை விட்டு வெயில் ஏறிவிட்டால் இந்தக் கேள்வியும் மனதை விட்டுப் போய்விடுகிறது. ஆனால் வெயில் நாளில்தான் இதற்கு விடை தேட வேண்டும். சரிந்த மலைக்குக் கீழுள்ள பழைய காணிக்கே திரும்புவதா, புதிய இடத்தில் முதலிலிருந்து தொடங்குவதா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில், அலவத்துகொடயில் மலை சரிந்து வீடுகளை மூடியது. அதில் தப்பி உறவினர் வீட்டிலும் வாடகை அறையிலும் காலம் தள்ளிய குடும்பங்களிடம் "யோசித்து முடிவெடுங்கள்" என்று சொல்வது சுலபம். களைத்த மனமோ பழகியதையே தேடும். "அறுபது வருடம் அசையாத மலை இனியா அசையப் போகிறது?" என்று வீட்டுப் பெரியவர் கேட்பார். அசையாமல் இருந்த வருடங்கள் இனி வரும் மழைக்குப் பிணை நிற்காது. வீட்டுக்கும் பாதைக்கும் சரிவை வெட்டியிருக்கிறோம், நீரோடும் வழிகளை அடைத்திருக்கிறோம்.

கொஸ்லந்த, மீரியபெத்த தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை அங்கே லயன்கள் மண்ணில் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. பிறகேன் போகவில்லை? பிடிவாதம் என்று சொன்னவர்கள் உண்டு. அது நியாயமான பேச்சல்ல. வேலை, பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் அங்கே; போய்க் குடியிருக்க ஆயத்தமான வீடு வேறெங்கும் இல்லை. தப்பியவர்களுக்குப் பூனாகலை, மாகல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல்தான். ஆகவே எச்சரிக்கை வரும்போதே மாற்று இடத்தையும் கேட்க வேண்டும். தனித்தனியாக அல்ல, அயலவர் எல்லோருமாக.

இரவில் எங்கே உறங்குவது என்பது ஒரு கேள்வி, பகலில் எங்கே பயிரிடுவது என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பல வீடுகளில் பேச்சு சண்டையில் முடிகிறது. தகப்பன் நட்ட கராம்பு மரத்தை விட்டுப் போக மனம் வராது, சரிதான். அந்தச் சரிவைப் பார்வையிட்ட அதிகாரிகள் அனுமதித்தால், மழையற்ற நாட்களில் போய் மொட்டுப் பறித்து வரலாம். அதற்காகப் பிள்ளைகளை அங்கே படுக்கவைக்க வேண்டியதில்லை. பஸ் செலவு வரும், ஆளில்லாத காணியில் குரங்கும் பன்றியும் பங்கு கேட்கும். இந்தக் கஷ்டங்களை முன்கூட்டியே கணக்கில் எழுதிக்கொண்டால் பின்னால் மனம் உடையாது.

புதிய மண்ணிலும் அப்படியே. போஞ்சி சுமார் இரண்டு மாதத்தில் காய்க்கும். மிளகுக்கு மூன்று வருடமளவில் பொறுக்க வேண்டும், கராம்புக்கு இன்னும் கூட. முதற்போகம் பிழைத்தால் இடமே சரியில்லை என்று முடிவுகட்டி விடாதீர்கள். பிழைத்தது விதையா, நீரா, காலமா என்று பாருங்கள். பயிர்த் தெரிவு தவறினால் அடுத்த போகத்தில் திருத்தலாம். காணி உறுதியை விற்றால், தாலிக்கொடியை அதிக வட்டிக்கு ஈடு வைத்தால் திருத்துவது கடினம். அத்தகைய முடிவுகளை ஒரு போகமாவது தள்ளிப்போடுவது நல்லது.

இன்னும் சரிவோரத்தில் இருப்பவர்கள், நேரான பக்கங்களுள்ள தகரப்பேணியொன்றை வெட்டவெளியில் வைத்து மழையை அளக்கலாம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு. 100 என்றால் பொருட்களைக் கட்டி ஆயத்தமாதல். 150 என்றால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 விழுந்தால், வெளியேறுதல். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய அல்லது வற்றிய ஊற்று ஆகியவற்றைக் கண்டால் பேணியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். எந்த வீட்டுக்குப் போவது, பாட்டியைத் தூக்குவது யார் என்பதையெல்லாம் இன்றைக்கே பேசி வையுங்கள்.

புதிய இடம் காட்டப்பட்டால் கிராம உத்தியோகத்தரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. இந்த நிலத்தையும் ஆராய்ச்சி நிறுவனம் பார்வையிட்டதா? வரட்சி மாதங்களில் தண்ணீர் எங்கிருந்து வரும்? உறுதி எப்போது, யார் பெயரில் கிடைக்கும்? மனைவியின் பெயரும் அதில் இருக்குமா? பதிலை எழுத்தில் தரும்படி கேளுங்கள்.