பூட்டிய வீட்டில் காத்திருக்கும் நாய்

விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்ளும் நகரம் ஜோகூர் பாரு. அதிகாலை 4 மணிக்கெல்லாம் வீடமைப்புப் பகுதிகளில் விளக்குகள் எரியத் தொடங்கிவிடும். 5 மணிக்குள் மோட்டார் சைக்கிள்களும் பேருந்துகளும் எல்லையை நோக்கி விரையும். 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஜோகூர் பாலத்தையும் 1998ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்புப் பாலத்தையும் நாள்தோறும் 300,000க்கும் அதிகமானோர் கடக்கின்றனர். அவர்களுள் பலர் சிங்கப்பூரில் வேலை செய்யும் மலேசியர்கள். ஜோகூர் பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். ஆனால், குடிநுழைவுச் சோதனையும் வாகன நெரிசலும் பயண நேரத்தை நீட்டிவிடுகின்றன. காலை 5 மணிக்கு வீட்டைப் பூட்டிச் சென்றவர், மீண்டும் கதவைத் திறக்க இரவு 8 மணி ஆகிவிடுவதுண்டு.

அத்தகைய வீட்டில் ஒரு நாய் வளர்ந்தால், அது 15 மணி நேரம் தனித்திருக்கிறது. “வேளைக்கு உணவு வைக்கிறோம், தண்ணீர் வைக்கிறோம், வேறென்ன குறை?” என்று உரிமையாளர் கேட்கலாம். அவருடைய அன்பில் ஐயமில்லை. எனினும், நாய்க்குத் தேவைப்படுபவை உணவும் நீரும் மட்டும்தானா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாய் கூட்டமாக வாழும் இயல்புடைய விலங்கு. ஓநாயின் வழித்தோன்றலான அது, 15,000 ஆண்டுகளுக்கு மேலாக மனிதனோடு வாழ்ந்து, மனிதனையே தன் கூட்டமாகக் கருதப் பழகிவிட்டது. சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவுபடுத்துகிறது. வீட்டில் தனித்து விடப்பட்ட நாய்களை அவர்கள் ஒளிப்பதிவு செய்து கவனித்தனர். அரை மணி நேரத்தில் உரிமையாளர் திரும்பியபோது காட்டியதைவிட, இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது நாய்கள் அதிகமாக வாலாட்டி, அதிக உற்சாகத்துடன் வரவேற்றன. அதாவது, பிரிவின் கால அளவு நாயின் நடத்தையை மாற்றுகிறது. அதே நாட்டின் விலங்கு நல விதிமுறை, பகல் நேரத்தில் குறைந்தது 6 மணி நேரத்திற்கு ஒருமுறை நாயை வெளியே அழைத்துச் செல்ல வேண்டும் என்கிறது. நம் 15 மணி நேரம் அதனைப் போல் இரண்டரை மடங்கு!

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், 2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. விலங்குக்குத் தகுந்த இருப்பிடமும் உணவும் தருவது, அதன் இயல்பான நடத்தைக்கு இடமளிப்பது, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் அதனைக் காப்பது ஆகியவை உரிமையாளரின் கடமைகள் என்று அச்சட்டம் கூறுகிறது. விலங்கைக் கொடுமைப்படுத்தியது மெய்ப்பிக்கப்பட்டால் 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டுகளுக்கு மேற்போகாத சிறைத்தண்டனையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். விலங்கைப் பேணுவது வெறும் இரக்கச் செயலன்று. அது சட்டப் பொறுப்பும் ஆகும்.

தனிமை தாங்காத நாய் தன் துன்பத்தைச் செயலால் வெளிப்படுத்தும். சில நாய்கள் இடைவிடாது குரைக்கும் அல்லது ஊளையிடும். சில கதவைப் பிறாண்டும். காலணிகளைக் கடித்துக் குதறும். வேறு சில, தம் கால்களையே புண்ணாகும்வரை நக்கிக்கொண்டிருக்கும். ஒட்டிக் கட்டப்பட்ட மாடி வீடுகளில் ஒரு நாயின் குரைப்பு அக்கம் பக்கத்து வீடுகள் அனைத்திற்கும் கேட்கும். இரவு வேலை முடிந்து பகலில் உறங்குபவரும் கைக்குழந்தை உள்ள குடும்பத்தாரும் அங்கு இருப்பர். பல இனத்தார் சேர்ந்து வாழும் நம் குடியிருப்புகளில், நாயின் அமைதி அண்டை வீட்டாரின் அமைதியுமாகும்.

களைத்து வீடு திரும்பும் உரிமையாளர், கிழிந்து கிடக்கும் மெத்தையைக் கண்டதும் நாயை அதட்டுவார். நாய் தலையைக் குனிந்துகொள்ளும். “பார், தன் தவற்றை உணர்கிறது” என்று அவர் எண்ணிக்கொள்வார். 2009ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் இதனைச் சோதித்துப் பார்த்தார். தவறே செய்யாத நாய்களும், உரிமையாளர் அதட்டியபோது அதே ‘குற்ற உணர்வு’ முகத்தைக் காட்டின. ஆகவே, அந்த முகம் அதட்டலுக்குக் காட்டும் எதிர்வினையே. பல மணி நேரத்திற்கு முன் நடந்ததற்கு இப்போது தண்டித்தால், வீடு திரும்பும் உரிமையாளரைக் கண்டு அஞ்ச மட்டுமே நாய் கற்றுக்கொள்ளும்.

இதற்குத் தீர்வு, நாயின் நாளைத் திட்டமிடுவதில்தான் தொடங்குகிறது. வேலைக்குப் புறப்படுமுன் 20 அல்லது 30 நிமிடம் நாயை நடக்க அழைத்துச் செல்லலாம். வழியில் அது மோப்பம் பிடிக்கும்போது இழுத்துக்கொண்டு ஓடக்கூடாது. நாம் கண்ணால் உலகை அறிவதுபோல், நாய் மூக்கால் உலகை அறிகிறது. மோப்பம் பிடிப்பது அதன் மூளைக்கு நல்ல வேலை. நடந்து, மலம் சிறுநீர் கழித்து, உணவுண்ட நாய் முற்பகலின் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கும். உணவில் ஒரு பகுதியை உள்ளீடற்ற ரப்பர் பொம்மைக்குள் அடைத்து வைத்தால், அதனை வெளியே எடுக்கும் முயற்சியிலும் சற்று நேரம் கழியும். மாலையில் மீண்டும் ஒரு நடையும் விளையாட்டும் வேண்டும்.

இருப்பிடத்தில் மிகுந்த கவனம் தேவை. நாயின் உடலில் வியர்வைச் சுரப்பிகள் பாதங்களில் மட்டுமே சிறிதளவு பயன்படுகின்றன. நாக்கை நீட்டி இளைத்தே அது தன் உடல் வெப்பத்தைத் தணிக்கிறது. ஜோகூரைப் போன்ற ஈரப்பதம் மிகுந்த இடத்தில் அவ்வழியும் முழுப் பயன் தராது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ். அது 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. வீட்டின் முன்புறத்தில் காலை நிழலாக இருக்கும் இடம் நண்பகலில் வெயிலாக மாறிவிடும். வீட்டில் இல்லாதவருக்கு அது தெரியாது. விடுமுறை நாளொன்றில் காலை முதல் மாலை வரை நிழல் எங்கெங்கு நகர்கிறது என்று கவனித்த பிறகே நாயின் இடத்தை முடிவு செய்ய வேண்டும். கவிழாத பாத்திரங்கள் இரண்டில் தண்ணீர் வைப்பதும் நலம்.

நாயைச் சங்கிலியால் கட்டிவிட்டுச் செல்லுதல் கூடாது. சங்கிலி சிக்கிக்கொண்டால் நிழலும் நீரும் கண்ணெதிரே இருந்தும் நாய்க்கு எட்டாமற் போகும். வெள்ளம் வந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். 2006ஆம் ஆண்டு இறுதியில் கோத்தா திங்கியிலும் 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சிகாமட், பத்து பகாட் வட்டாரங்களிலும் வெள்ளம் சூழ்ந்ததை ஜோகூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கட்டப்படாத நாய் மேட்டைத் தேடி ஓடும். கட்டப்பட்ட நாய்க்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஆகவே, உரிமையாளர் தொலைவில் இருக்கும்போது கதவைத் திறக்கக்கூடிய நம்பிக்கையான ஒருவரிடம் மாற்றுச் சாவி இருக்க வேண்டும்.

அந்த ஒருவர் யார்? நாயின் நீண்ட பகலை இரண்டாகப் பிரிப்பவரும் அவரே. தாத்தாவோ பாட்டியோ, அடுத்த தெருவில் வசிக்கும் அத்தையோ, அண்டை வீட்டு நண்பரோ அவராக இருக்கலாம். கட்டணம் பெற்றுக்கொண்டு பகல் நேரத்தில் நாய்களைப் பார்த்துக்கொள்வோரும் உள்ளனர். ஆனால், பல குடும்பங்களில் மிகப் பொருத்தமானவர் பள்ளி மாணவரே. காலைப் பள்ளி முடிந்து பிற்பகல் வீடு திரும்பும் மாணவர், சீருடையை மாற்றிக்கொண்டு 15 நிமிடம் நாயோடு செலவிட்டால் போதும். தண்ணீரை மாற்றலாம், கழிவைத் துப்புரவு செய்யலாம், வெயில் தணிந்ததும் வெளியே அழைத்துச் செல்லலாம். காலை 5 மணி முதல் இரவு 8 மணி வரை நீளும் தனிமை, அந்தச் சிறு நேரத்தால் பாதியாக உடைந்துவிடும்.

தனித்திருக்கவும் நாய்க்குப் படிப்படியாகக் கற்றுத் தரலாம். முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து நிமிடம், பிறகு அரை மணி நேரம் என நாயைத் தனியே விட்டு, அது அமைதியாக இருக்கும்போதே திரும்பி வர வேண்டும். போகும்போதும் வரும்போதும் ஆரவாரம் கூடாது. குட்டி நாய்கள் சிறுநீரை நெடுநேரம் அடக்க இயலாதவை. நாளுக்கு மூன்று நான்கு முறை உண்பவை. எனவே, நெடுநேரம் பூட்டிக் கிடக்கும் வீட்டிற்குக் குட்டி நாய் ஏற்றதன்று. முன்னரே பழக்கப்பட்ட, வளர்ந்த நாயே ஓரளவு பொருந்தும். இவற்றோடு, ஊராட்சி மன்ற உரிமம், ஆண்டுதோறும் கால்நடை மருத்துவரின் சோதனை, தடுப்பூசி, கொசுக்களால் பரவும் இதயப்புழு நோய்க்கான தடுப்பு மருந்து ஆகியவற்றையும் மறக்கக்கூடாது.

நாய் வளர்க்க ஆசைப்படும் குடும்பம் முதலில் ஒரு தாளை எடுத்து, ஒவ்வொருவரும் வீட்டில் இருக்கும் நேரத்தை எழுதிப் பார்ப்பது நல்லது. காலை நடைக்கு யார், பிற்பகலுக்கு யார், மாலைக்கு யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் பெயர் எழுத முடிந்தால், அந்த வீட்டில் நாய்க்கு இடமுண்டு. ஓர் இடம் வெறுமையாக இருந்தால், அதனை நிரப்பும் வழியை முதலில் கண்டறிய வேண்டும். வழியே இல்லையென்றால், இப்போதைக்கு நாய் வேண்டா என்று முடிவெடுப்பதும் அன்பின் ஒரு வடிவமே. விடுமுறை நாள்களில் விலங்குக் காப்பகத்திற்குச் சென்று தொண்டு செய்தும் அந்த ஆசையை நிறைவு செய்துகொள்ளலாம். ஆசையாக வாங்கி, பராமரிக்க இயலாமல் தெருவில் விடப்படும் நாய் பசியாலும் நோயாலும் வாகனங்களாலும் அல்லலுறும்.

ஒரு நாய் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடும். நமக்குப் பள்ளி உண்டு, வேலை உண்டு, நண்பர்கள் உண்டு. நாய்க்கோ நம்மைத் தவிர வேறு யாருமில்லை. வேலை நேரத்தைக் குறைப்பது எல்லாக் குடும்பத்திற்கும் இயலக்கூடியதன்று. ஆனால், எஞ்சியிருக்கும் நேரத்தில் நாய்க்கு உரிய பங்கை முறையாகப் பிரித்துத் தருவது ஒவ்வொரு குடும்பத்திற்கும் இயலும்.