வண்டிவீட்டின் குளிர்கால உறக்கம்

கேரவன் என்ற சொல்லை நம்மில் பலர் திரைப்படப் படப்பிடிப்போடு சேர்த்தே கேட்டிருப்போம். நான் இன்று கூற வந்தது அதுவன்று. பிரிட்டன் நாட்டுக் குடும்பங்கள் கோடை விடுமுறையில் தங்கள் மோட்டார் காரின் பின்னே கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் சிறிய வண்டிவீடு அது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்க் குழாய் யாவும் அதனுள் அடங்கியிருக்கும். கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1885ஆம் ஆண்டில் இரண்டு குதிரைகள் பூட்டிய இத்தகைய வண்டியில் தென் இங்கிலாந்திலிருந்து இன்வெர்னெஸ் நகர்வரை உலாப் போனார். 1907இல் இப்பொழுதுபோக்கிற்கெனத் தனிச் சங்கமே தோன்றிவிட்டது.

கோடை கழிந்தபின் நவம்பர் முதல் மார்ச்சு வரை வண்டிவீடு பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். வசந்தத்தில் கதவைத் திறக்கும்போது, சிலருக்கு வெடித்த குழாயும், பூஞ்சை படர்ந்த மெத்தையும், உளுத்துப்போன சுவரும் காட்சி தருகின்றன. பல ஆண்டுச் சேமிப்பைக் கொட்டி வாங்கிய பொருள் ஒரே குளிர்காலத்தில் இவ்வாறு ஆகிவிடுவது எதனால்? வெளியே பொழியும் பனியால் என்று எண்ணி, பலர் வண்டியை இறுகப் போர்த்திவிட்டு ஆறுதல் அடைகின்றனர். என் கருத்து வேறு. வெளியிலுள்ள பனியைவிட, உள்ளே விட்டுவைத்த நீரே பெரும் பகை.

பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்து உறையும்போது சுருங்கும் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். நீரோ 4 டிகிரி சென்டிகிரேடு வரை சுருங்கி, பின்னர் விரியத் தொடங்குகிறது. 11 படி நீர் உறைந்தால் ஏறத்தாழ 12 படி பனிக்கட்டியாகும். பனிக்கட்டி நீரில் மிதப்பதும் இதனாலேதான். குழாயினுள் அடைபட்ட நீர் இவ்வாறு விரிய இடமின்றித் தவிக்கும்போது குழாயோ, இணைப்போ, பம்போ பிளந்துவிடுகிறது. இதில் ஒரு வஞ்சகமும் உண்டு. பிளவை அப்பனிக்கட்டியே அடைத்துக்கொண்டிருப்பதால், அது உருகும்வரை ஒரு துளியும் ஒழுகாது. உரியவர் பார்க்கும்போது எல்லாம் நலமாகவே தோன்றும்.

ஆகவே முதல் வேலை, நீரை முற்றிலும் வடிப்பது. நீர்த்தொட்டியைக் கவிழ்த்துவிட்டால் போதாது. வெந்நீர்க் கலத்தில் பத்து லிட்டர் அளவு நீர் தங்கியிருக்கும். அதற்கென அமைந்த வடிகுழாயைத் திறக்கவேண்டும். அவ்வேளையில் எல்லாக் குழாய்களையும் திறந்து வைக்கச் சொல்வார்கள். ஏன்? உறிஞ்சுகுழல் ஒன்றில் நீரை எடுத்து, மேல்முனையை விரலால் அடைத்துப் பாருங்கள். நீர் கீழே விழாது. விரலை எடுத்தால் காற்று புகும், நீரும் இறங்கும். குழாய்களைத் திறப்பது விரலை எடுப்பதைப் போன்றதே. பின்னும் குளிர்காலம் முழுவதும் அவற்றைத் திறந்தே விடுவது நன்று. எஞ்சிய சில துளிகள் உறைந்தாலும் விரிந்துகொள்ள இடமிருக்கும்.

நீர் மற்றொரு வடிவிலும் உள்ளே ஒளிந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஆவி. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவி வரை தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. மிஞ்சியது குளிர்ந்த சுவரிலும் சன்னலிலும் வியர்வைபோல் படிகிறது. இதற்கு மருந்து காற்றோட்டமே. எனவே காற்றுத் துளைகளை ஒருபோதும் அடைத்தலாகாது. மெத்தைகளை வீட்டிற்குள் எடுத்துச் செல்வர். இயலாதவர் சுவரை ஒட்டாமல் செங்குத்தாக நிறுத்திவைப்பர். குளிர்பெட்டியின் கதவைச் சற்றே திறந்துவைப்பர். பிளாஸ்டிக் விரிப்பால் இறுகப் போர்த்துவது ஈரத்தைச் சிறைப்படுத்துவதாகும். போர்த்தத்தான் வேண்டுமெனில் ஆவியை வெளியே விடும் துணியே ஏற்றது.

மின்சேமக்கலத்தின் இயல்பு வியப்பானது. மின்னேற்றம் நிறைந்திருக்கும்போது அதன் அமிலம் அந்நாட்டுக் குளிருக்கு உறையாது. மின்னேற்றம் தீரத் தீரக் கந்தக அமிலம் ஈயத்தோடு சேர்ந்துவிட, மிஞ்சுவது பெரும்பாலும் நீரே. அந்நிலையில் அது உறைந்து, கலம் பிளக்கவும் கூடும். ஆகவே கலத்தைக் கழற்றி, அவ்வப்போது மின்னேற்றி வருகின்றனர்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எரிவாயு உருளையின் அடைப்பானை மூடவேண்டும். சக்கரங்களை இடையிடையே சிறிது உருட்டிவிட்டால், டயரின் ஒரே பகுதி பாரத்தைச் சுமந்து கெடாது. கைப்பிரேக்கைப் பல மாதங்கள் இழுத்தே வைத்தால் பிரேக்குக் கட்டை துருவால் ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, பிரேக்கைத் தளர்த்தி விடுவதே முறை.

மார்ச்சு பிறந்ததும் குழாய்களை மூடி, தொட்டியை நிரப்பி, பம்பை இயக்கி, ஒவ்வோர் இணைப்பாகக் கைவைத்துப் பார்க்கிறார்கள். முதலில் வரும் நீரைக் குடிப்பதில்லை. கிருமிநாசினி கலந்த நீரைப் பாய்ச்சி, மீண்டும் நல்ல நீரால் அலசிய பின்னரே தேநீருக்குக் கெண்டியை அடுப்பிலேற்றுகிறார்கள்.