நீளும் கையும் கட்டையாகும் அம்பும்

வளரும் பிள்ளையின் உயரத்தைச் சுவரில் பென்சிலால் கோடிட்டு வைப்பது பல வீடுகளில் உள்ள வழக்கம். வில்வித்தை பழகும் பிள்ளை இருக்கும் வீட்டிலோ அந்த வேலையை அம்பே செய்துவிடுகிறது. நாணை முகவாய் வரை இழுத்து நிற்கும்போது நாணுக்கும் வில்லின் பிடிக்கும் இடையே உள்ள தொலைவை இத்துறையினர் 'டிரா லெங்த்', அதாவது இழுப்பு நீளம், என்பர். அது கையின் நீளத்தையும் தோளின் அகலத்தையும் பொறுத்தது என்பதால், பத்து வயதில் பொருந்திய அம்பு பன்னிரண்டு வயதில் கட்டையாகிவிடுகிறது.

ஒலிம்பிக்கில் பயன்படும் 'ரீகர்வ்' வில்லில், அதாவது நுனிகள் எதிர்ப்புறம் வளைந்த வில்லில், 'கிளிக்கர்' என்னும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று அம்பின் மேல் அழுந்திக் கிடக்கும். இழுக்கப்படும் அம்பின் முனை அதைக் கடந்ததும் தகடு 'டிக்' என்று வில்லில் தட்ட, அதைக் கேட்ட பிறகே விரல்கள் நாணை விடும். கை நீண்டுவிட்ட பிள்ளைக்கு, நாண் முகவாயைத் தொடுமுன்பே இந்த ஒலி முந்திக்கொள்கிறது. பயிற்சியாளர் தகட்டைச் சற்றே பின்னுக்குத் தள்ளிப் பொருத்துகிறார். தள்ள இடமில்லாத நாளில் பெற்றோரைக் கூப்பிட்டுப் புதிய அம்பு வாங்கச் சொல்கிறார். பதக்கம் எதுவும் வராத ஆண்டிலும் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் போன்ற தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளின் பெற்றோர் பெருமிதத்தோடு கேட்டுக்கொள்ளும் செலவுக் கணக்கு இது ஒன்றாகத்தான் இருக்கும்.

புறநானூற்றில் பொன்முடியார் பாடிய 312ஆம் பாடல் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் தனித்தனிக் கடமை வகுக்கிறது. அதில் படைக்கலம் வடித்துத் தருவது கொல்லனின் பொறுப்பு. இன்று அந்தக் கொல்லனின் பொறுப்பும் பெற்றோரின் சம்பளத்தில் வந்து விழுந்திருக்கிறது. போட்டித் தரத்து வில்லும் அம்புகளும் இலட்ச ரூபாயைத் தாண்டும் நிலையில், இது நடுத்தர வர்க்கத்துக்கு எளிய காரியமன்று. மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தைச் சேர்ந்த அதிதி சுவாமியின் தந்தை அரசுப் பள்ளிக் கணித ஆசிரியர். மகளின் பயிற்சிக்காகக் கிராமத்திலிருந்து நகரத்துக்குக் குடிபெயர்ந்ததோடு, கருவிகளுக்காகக் கடனும் வாங்கினார். அந்த மகள் 2023 ஆகஸ்டில் பெர்லினில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் 'காம்பவுண்ட்' பிரிவில், அதாவது உருளைகள் பொருத்திய வில்லுக்கான பிரிவில், 17 வயதில் தங்கம் வென்றார். அந்த வெற்றியின் வெளிச்சத்தில் கடன்கள் அழகாகத் தெரிகின்றன. வெல்லாத பிள்ளைகளின் பெற்றோரும் அதே கடனைத்தான் வாங்கியிருப்பார்கள் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

தென்சென்னைப் புறநகருக்குப் பணத்தைவிட இடமே பெரிய தட்டுப்பாடு. 18 வயதுக்கு உட்பட்டோருக்கான ரீகர்வ் போட்டியில் இலக்கு 60 மீட்டர் தொலைவில் நிற்கிறது. அதன் குறுக்களவு 122 சென்டிமீட்டர், நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டமோ 12.2 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண்கூட இல்லை. இலக்குக்குப் பின்னாலும் ஆள் நடமாட்டமற்ற வெற்றிடம் வேண்டும். ஐந்து நகராட்சிகளும் பல பேரூராட்சிகளும் சேர்ந்து 2021இல் மாநகராட்சியான தாம்பரத்தில், மனைகளாகப் பிரிக்கப்படாத அத்தகைய நிலம் அரிது. கிடைக்கும் மைதானத்திலும் சித்திரை வெயில் ஒருபுறம், ஐப்பசி மழை மறுபுறம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற பகுதிகளில் மழைக்காலத்தில் திறந்தவெளிப் பயிற்சியை நம்பியிருக்க முடியாது. அப்போது கூரைக்குக் கீழ் 18 மீட்டர் தொலைவில் 40 சென்டிமீட்டர் இலக்கை நோக்கி எய்வதே வழி.

பெருமிதம் எல்லை மீறும் இடமும் உண்டு. நாணை முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசை 'பவுண்ட்' அளவில் சொல்லப்படுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை 30 பவுண்டு இழுக்கிறான் என்பதற்காகத் தன் பிள்ளைக்கும் வலிய வில்லைக் கேட்கும் தந்தையர் பயிற்சியாளர்களின் தீராத தலைவலி. தாங்க முடியாத வில்லை இழுக்கும் சிறுவனின் தோள் காதுவரை ஏறிக்கொள்ளும், இடுப்பு பின்னுக்கு வளையும். ஒருமுறை படிந்த அந்தப் பழக்கத்தைத் திருத்த மாதங்கள் ஆகும்.

சாதனைப் பதிவுகளின் மோகமும் இவ்வகையே. 2020 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி தலைகீழாகத் தொங்கியபடி 13 நிமிடம் 15 வினாடிகளில் 111 அம்புகளை எய்தது நாடெங்கும் செய்தியானது. அச்சிறுமியின் உறுதி வியப்புக்குரியதே எனினும், இந்த விளையாட்டு கேட்பது விரைவை அன்று: தகுதிச் சுற்றின் 72 அம்புகளுக்கு ஒரு முற்பகலே கழிந்துவிடும்; முதல் அம்பும் எழுபத்திரண்டாவது அம்பும் ஒன்றுபோல் எய்யப்படுவதே அங்கு திறமை.

பிள்ளைக்கு அம்பு வாங்கச் செல்லும் பெற்றோர், அளவு பார்த்து ஒட்ட வெட்டித் தரச் சொல்லாமல் இரண்டு அங்குலமாவது கூடுதலாக விட்டு வாங்க வேண்டும். கட்டையாகிப்போன அம்பின் முனை, முழு இழுப்பில் வில்லின் தாங்கியிலிருந்து பின்னுக்கு நழுவிவிட்டால், விடும் கணத்தில் வில்லைப் பிடித்திருக்கும் கையையே துளைக்கக்கூடும்.