குடிக்க மழைநீர், புழங்கக் கடின நீர்

கடின நீர் நோய் தருமா?

சோப்பு நுரைக்காது, பருப்பு எளிதில் வேகாது, குழாய் வாயில் வெள்ளைப் படிவு ஏறும். தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருப்பதன் அடையாளங்கள் இவை. சிறுநீரகக் கல் வந்துவிடும் என்ற அச்சத்தில் பலர் உடனே ஆர்.ஓ. கருவி வாங்குகிறார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் விதிக்கவில்லை. லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்கிறது இந்தியத் தரநிலை. கல் உருவாவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று தண்ணீர் போதாமை. சுவை பிடிக்காமல் கோடையிலும் குறைவாகக் குடிப்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

கருவிக்கு முன் பரிசோதனை

கொதிக்கவைத்தால் தற்காலிகக் கடினத்தன்மை மட்டுமே நீங்கும். மென்னீராக்கும் கருவி கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைச் சேர்க்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்நீரைக் குடிக்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஆர்.ஓ. கருவியோ தாதுக்களை நீக்குவதோடு, பெருமளவு நீரைக் கழிவாகவும் வெளியேற்றுகிறது. புளோரைடு, நைட்ரேட் போன்றவை மிகுந்திருந்தால் அது தேவைப்படலாம். நாக்கால் அவற்றை அறிய முடியாது. எனவே குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் நீரைச் சோதித்த பிறகே செலவு செய்வது நல்லது.

முற்றம் காட்டும் வழி

நாட்டரசன்கோட்டையின் நகரத்தார் வீடுகளில் கூரைகள் முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும். கடினத்தன்மை இல்லாத மழைநீர் அங்கே வந்து சேரும். வறண்ட சீமைக்கு ஏற்ற அந்த ஏற்பாடு இன்றும் பயன்படும். மழை சில மாதங்கள்தானே என்று கேட்கலாம். எல்லா வேலைக்கும் மழைநீர் வேண்டியதில்லை. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர் விழும். வீணாவது போக 800 லிட்டர் தேறும். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் என்றால் அது 40 நாளைக்கு வரும். தேக்கிய நீரில் கிருமியும் கொசுவும் பெருகும் என்ற அச்சமும் நியாயமானதே. அதனால் முதல் மழையை விட்டுவிட்டு, கூரையைச் சுத்தம் செய்து, வடிகட்டிப் பிடித்து, தொட்டியை இறுக மூடி, காய்ச்சிக் குடிக்க வேண்டும். குளிக்கவும் துவைக்கவும் கிணற்று நீர் போதும்.

2003-இல் தமிழக அரசு கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அடைபட்டுக் கிடக்கும் சேகரிப்புக் குழாய்களை வடகிழக்குப் பருவமழைக்கு முன் சுத்தம் செய்யுங்கள். குடிநீருக்கென ஒரு தொட்டியை ஒதுக்குங்கள்.