திறக்கக் கூடாத அஞ்சல்: வீட்டிலும் அலுவலகத்திலும் நச்சுநிரல்களும் குப்பை அஞ்சல்களும்

2000ஆம் ஆண்டு மே மாதம். நான் அப்பொழுது இரண்டாம் ஆண்டு மாணவன். எங்கள் மொழிக் கழக அறையில் ஒரே ஒரு கணினி இருந்தது. ஆண்டு மலருக்காகப் பழைய மாணவர்களின் வீடுகளுக்குச் சென்று, அவர்களின் ஆல்பங்களை இரவல் வாங்கி, படங்களை வருடிக் கணினியில் சேமித்து வைத்திருந்தேன். பட்டிமன்றம், கலை இரவு, தோட்டத்துப் பிள்ளைகளுக்கான பகுதிநேர வகுப்பு என்று அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள். ஆல்பங்களை உரியவர்களிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

ஒரு நாள் மதியம், ஈப்போவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மூத்த மாணவர் ஒருவரிடமிருந்து கழகத்திற்கு மின்னஞ்சல் வந்தது. தலைப்பு ‘ஐ லவ் யூ’. அண்ணன் ஏதோ வேடிக்கை செய்கிறார் என்று நினைத்து, உடன் வந்த ‘காதல் கடிதத்தை’ இருமுறை சொடுக்கினேன். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. கணினி மட்டும் மெதுவானது. மாலைக்குள் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. முகவரிப் புத்தகத்தில் இருந்த விரிவுரையாளர்கள், நன்கொடையாளர்கள், பிற பல்கலைக்கழக நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் கழகம் ‘ஐ லவ் யூ’ என்று எழுதியிருந்தது! விரிவுரையாளர் ஒருவர், “உங்கள் அன்புக்கு நன்றி தம்பி, ஆனால் கட்டுரையை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள்” என்றார். சிரித்துச் சமாளித்தோம்.

மறுநாள் சிரிப்பு நின்றது. படங்கள் இருந்த கோப்புறையைத் திறந்தால் பெயர்கள் மட்டுமே இருந்தன, படங்கள் இல்லை. மீண்டும் வீடு வீடாகச் சென்றோம். பெரும்பாலோர் மனம் கோணாமல் ஆல்பத்தை மறுபடியும் தந்தார்கள். ஒரு வீட்டில் மட்டும் ஆல்பம் தந்த பெரியவர் காலமாகியிருந்தார். ஆல்பம் எங்கே என்று வீட்டாருக்குத் தெரியவில்லை. அவர் தந்த நான்கு படங்கள் அவ்வாண்டு மலரில் வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை.

அந்த நான்கு படங்களுக்கு நான் பட்ட கடனாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அன்று என்ன நடந்தது?

வைரஸ் என்று பொதுவாகச் சொல்லப்படும் நச்சுநிரல், மற்றொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு பரவுவது. அன்று வந்ததோ கணினிப் புழு. புழு தன்னைத் தானே படியெடுத்து, வலைப்பின்னல் வழியாக அடுத்த கணினிக்குச் செல்லும். 2000 மே 4ஆம் நாள் பிலிப்பீன்சில் புறப்பட்ட இப்புழு, ஒரே நாளில் உலகைச் சுற்றி வந்தது.

அதன் வெற்றிக்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, அது அறிந்தவரின் பெயரில் வந்தது. அவுட்லுக் மென்பொருளின் முகவரிப் புத்தகத்தில் உள்ள அனைவருக்கும் தன்னை அனுப்பிக்கொண்டதால், ஒவ்வோர் அஞ்சலும் நண்பரின் அஞ்சலாகவே தெரிந்தது. இரண்டாவது, இணைப்புக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பைப் போலக் காட்சியளித்தது. கோப்பின் பெயர் ‘.டிஎக்ஸ்டி.விபிஎஸ்’ என்று முடிந்தது. விண்டோஸ் இயங்குதளம் கடைசிப் பின்னொட்டை மறைத்துவிடும் வழக்கமுடையது. ஆகவே ஓடக்கூடிய நிரல் ஒன்று, படிக்கக்கூடிய கடிதமாக வேடமிட்டு நின்றது. மூன்றாவது, நம் ஆவல். யார்தான் காதல் கடிதத்தைப் பிரிக்காமல் விடுவார்?

படக் கோப்புகளின் மேல் தன்னையே எழுதி அழித்ததும் இப்புழுதான். எம்பி3 பாடல்களை அது அழிக்கவில்லை, மறைத்து மட்டுமே வைத்தது. எங்கள் கணினியில் பாட்டெல்லாம் பிழைத்தது, படங்கள்தாம் போயின.

இதை உருவாக்கியவர் ஓனெல் டி குஸ்மான் என்னும் கணினிக் கல்லூரி மாணவர். பிறரின் கடவுச்சொல்லைத் திருடி இணையத்தை இலவசமாகப் பயன்படுத்தும் நிரல் ஒன்றை ஆய்வேட்டுக்காக முன்மொழிந்து, அது மறுக்கப்பட்டவர். அதற்கான சட்டம் அப்போது பிலிப்பீன்சில் இல்லாததால் அவர்மீதான வழக்கு கைவிடப்பட்டது. புழு பரவிய அடுத்த மாதமே அந்நாடு மின்வணிகச் சட்டத்தை இயற்றியிருந்தது. நம் நாட்டில் 1997லேயே கணினிக் குற்றச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது என்பதை இங்கு நினைவுகூரலாம்.

இதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1999 மார்ச்சில், மெலிசா என்னும் நச்சுநிரல் வோர்ட் ஆவணத்தின் மேக்ரோவில் ஒளிந்து வந்து, முகவரிப் பட்டியலின் முதல் ஐம்பது பேருக்குத் தன்னை அனுப்பியது. எச்சரிக்கை மணி அப்போதே அடித்தது. நாங்கள்தாம் கேட்கவில்லை.

அனுப்புநர் பெயரை ஏன் நம்பக் கூடாது?

கடித உறையின் பின்புறம் அனுப்புநர் முகவரியை எழுதுகிறோம். அங்கே யார் பெயரை எழுதினாலும் அஞ்சல் நிலையம் கேட்பதில்லை. மின்னஞ்சலும் அப்படித்தான். 1982இல் ஜோனத்தன் போஸ்டல் எழுதி வெளியிட்ட எஸ்எம்டிபி என்னும் அஞ்சல் நெறிமுறையில், அனுப்புநர் உண்மையில் அவர்தாமா என்று சோதிக்கும் வழி இல்லை. ஒருவரை ஒருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்திய வலைப்பின்னலுக்கு அது தேவைப்படவும் இல்லை. பின்னாளில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய சோதனைகள் சேர்க்கப்பட்டன. ஓர் அஞ்சல் அந்தக் களப்பெயருக்கு உரிய வழங்கியிலிருந்துதான் வந்ததா என்பதை இவை பார்க்கின்றன. ஆனால் ஏமாற்றுக்காரன் தானே புதிய களப்பெயர் வாங்கி எழுதினால் இச்சோதனைகளில் தேறிவிடுவான்.

என் அலுவலகத்தில் நடந்தது இதுதான். நான் இப்பொழுது கிள்ளானில் ஒரு சிறு வணிக நிறுவனத்தில் பணிபுரிகிறேன். கணக்குப் பிரிவில் உள்ள அக்கா ஒருநாள் என்னை அழைத்து, “தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்களேன்” என்றார். எங்களுக்குப் பொருள் அனுப்பும் நிறுவனம், தன் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்றும், 38,000 வெள்ளியைப் புதிய கணக்கில் போடும்படியும் எழுதியிருந்தது. பழைய கடிதத் தொடரெல்லாம் கீழே அப்படியே இருந்தது. முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தோம். ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ என்னும் இரண்டு எழுத்துகள் ஒட்டி நின்றன! திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அக்கா பழைய விலைப்பட்டியலில் இருந்த எண்ணுக்கு அழைத்துக் கேட்டார். கணக்கு மாறவே இல்லை.

அக்காவுக்குக் கணினி நுட்பம் எதுவும் தெரியாது. “இத்தனை வருசமா மாறாத கணக்கு இப்ப ஏன் மாறணும்?” என்ற ஒரே கேள்விதான் பணத்தைக் காப்பாற்றியது. பணம் தொடர்பான மாற்றம் எதுவானாலும் அஞ்சலில் உள்ள எண்ணை விட்டு, நாம் முன்பே அறிந்த எண்ணுக்கு அழைத்து உறுதி செய்ய வேண்டும். இது எங்கள் அலுவலகத்தில் இப்பொழுது எழுதப்பட்ட விதி.

உண்மையான கடிதத் தொடருக்குள்ளேயே நுழைந்து பதில் எழுதும் நச்சுநிரல்களும் உண்டு. 2014இல் கண்டறியப்பட்ட எமோடெட் பிற்பாடு அவ்வாறு பரவியது. 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல்துறையினர் சேர்ந்து அதன் வழங்கிகளைக் கைப்பற்றினர். அவ்வாண்டு முடிவதற்குள் அது மீண்டும் தலைகாட்டியது. இணையத்திலிருந்து வரும் ஆவணங்களில் மேக்ரோ இயங்குவதை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2022இல் இயல்பாகவே தடுத்தது. உடனே ஏமாற்றுக்காரர்கள் ஜிப் கோப்பு, குறுக்குவழிக் கோப்பு, கியூஆர் குறியீடு என்று வேறு வாசல்களுக்கு மாறினர். வாசல் மாறினாலும் தட்டும் முறை மாறவில்லை. அவசரம், அச்சம், ஆசை ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் அவர்கள் தூண்டுகிறார்கள்.

குப்பை அஞ்சல் ஏன் ஓய்வதில்லை?

ஸ்பேம் என்பதைக் குப்பை அஞ்சல் என்கிறோம். எரிதம் என்றும் சிலர் எழுதுவர். ஸ்பேம் என்பது உண்மையில் டின்னில் அடைத்த இறைச்சியின் பெயர். மான்டி பைத்தான் குழுவின் 1970ஆம் ஆண்டு நகைச்சுவைக் காட்சியொன்றில், உணவகத்தில் எதைக் கேட்டாலும் ஸ்பேமே வரும். வேண்டாத அஞ்சலுக்கு அப்பெயர் ஒட்டிக்கொண்டது. முதல் குப்பை அஞ்சல் 1978 மே மாதத்தில், கேரி துவெர்க் என்னும் விற்பனை அலுவலரால் அர்ப்பாநெட் வலைப்பின்னலில் ஏறத்தாழ 400 பேருக்கு அனுப்பப்பட்டது. கணினி விற்பனைக்கான விளம்பரம் அது.

தாள் விளம்பரம் போட அச்சுக்கூலியும் அஞ்சல் தலையும் வேண்டும். மின்னஞ்சலுக்குச் செலவு ஏறக்குறைய இல்லை. இலட்சம் பேரில் ஒருவர் ஏமாந்தாலும் இலாபம். எனவே நாம் ஏமாறாதிருப்பது மட்டும் போதாது. நம் முகவரி அவர்கள் கையில் சேராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் கழகச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருநூறு உறுப்பினர்களுக்கு அறிவிப்பு அனுப்பும்போது, எல்லா முகவரிகளையும் ‘பெறுநர்’ கட்டத்தில் வரிசையாகப் போடாதீர்கள். ஒருவரின் கணினியில் நச்சுநிரல் புகுந்தாலும் இருநூறு முகவரிகளும் போய்விடும். ‘பிசிசி’ கட்டத்தில் இட்டால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது.

குப்பையைப் பிரிக்கும் வடிகட்டிகளையும் அறிந்துகொள்வது நல்லது. 18ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் தாமஸ் பேயசின் நிகழ்தகவுக் கோட்பாட்டைக் கொண்டு, எந்தச் சொல் குப்பையில் அதிகம் வருகிறது, எந்தச் சொல் நல்ல அஞ்சலில் அதிகம் வருகிறது என்று கணக்கிடும் முறையை, 2002இல் பால் கிரகாம் எழுதிய கட்டுரை பரவலாக்கியது. நீங்கள் ‘குப்பை’ என்று குறிக்கும் ஒவ்வொரு முறையும் வடிகட்டிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறீர்கள். ஆயினும் வடிகட்டி தவறும். நேர்முகத் தேர்வுக் கடிதம் குப்பைப் பெட்டியில் கிடந்து, நாள் கடந்தபின் கண்டெடுத்த தம்பி ஒருவரை எனக்குத் தெரியும். வாரம் ஒருமுறை அப்பெட்டியையும் எட்டிப் பாருங்கள்.

தெரியாத அனுப்புநரின் குப்பை அஞ்சலில் உள்ள ‘விலகல்’ தொடுப்பைச் சொடுக்க வேண்டாம். ‘இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்’ என்று நாமே சொன்னதாகிவிடும். அஞ்சலில் உள்ள படங்கள் தாமாக இறங்குவதை நிறுத்தி வைப்பதும் இதே காரணத்திற்காகத்தான். நாமே பதிந்துகொண்ட கடைகளின் அறிவிப்பிலிருந்து விலகுவதில் தவறில்லை. சிங்கப்பூரில் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, மொத்தமாக அனுப்பப்படும் விளம்பர அஞ்சலில் விலகும் வழி தரப்பட வேண்டும்.

நல்லெண்ணத்தால் பரவும் பொய்களும் உண்டு. 2002இல், ‘உங்கள் கணினியில் கரடிப் பொம்மைச் சின்னம் கொண்ட கோப்பு இருந்தால் அது நச்சுநிரல், உடனே அழித்துவிட்டு நண்பர்களுக்கும் சொல்லுங்கள்’ என்ற அஞ்சல் உலகெங்கும் சுற்றியது. அது விண்டோசுக்கு உரிய கோப்புதான்! நிரல் எதுவும் இல்லாமலே, மனிதர்களின் கையைக் கொண்டே கோப்பை அழித்த அஞ்சல் அது. இன்று வாட்சாப்பில் ‘பத்துப் பேருக்கு அனுப்புங்கள்’ என்று வருவனவும் அதன் வழித்தோன்றல்களே.

வீட்டில் என்ன செய்யலாம்?

சென்ற ஆண்டு அம்மா என்னை அழைத்தார். “பார்சல் மாட்டிக்கிட்டிருக்காம்யா. மூணு வெள்ளி ஐம்பது காசு கட்டணும்னு வந்துச்சு, கார்டு நம்பர் போட்டுட்டேன்” என்றார். நான் கோபப்பட்டிருந்தால் அடுத்த முறை சொல்லாமல் மறைத்திருப்பார். “சொன்னது நல்லதாப் போச்சும்மா” என்று சொல்லி, அட்டையின் பின்புறம் உள்ள எண்ணில் வங்கியை அழைத்து அட்டையை முடக்கினோம். பணம் தப்பியது. வீட்டில் பெரியவர்களைக் கடிந்துகொள்ளாமல் இருப்பதும் ஒரு பாதுகாப்பு முறைதான்.

நான் கடைப்பிடிக்கும் சிலவற்றை இங்குத் தொகுத்துத் தருகிறேன்.

1. எதிர்பாராத இணைப்புக் கோப்பை, அனுப்பியவரைக் கேட்காமல் திறப்பதில்லை.

2. கோப்பின் முழுப் பின்னொட்டும் தெரியும்படி விண்டோசில் அமைத்துக்கொள்கிறேன். இன்றும் அது இயல்பாக மறைத்தே வைக்கிறது.

3. வங்கித் தளத்திற்கு அஞ்சலில் உள்ள தொடுப்பு வழியாகச் செல்வதில்லை. முகவரியை நானே தட்டச்சு செய்கிறேன்.

4. மின்னஞ்சலுக்கென்று தனிக் கடவுச்சொல், அதனுடன் ஈரடுக்குச் சரிபார்ப்பு. மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் கடிதம் மின்னஞ்சலுக்குத்தானே வருகிறது! அதைத் திறந்தவன் எல்லாவற்றையும் திறப்பான்.

5. இயங்குதளத்தின் புதுப்பிப்பைத் தள்ளிப்போடுவதில்லை.

6. முக்கியக் கோப்புகளுக்கு மூன்று படிகள், இருவேறு ஊடகங்களில், அவற்றுள் ஒன்று வேறிடத்தில். புறவன்தட்டைக் கணினியிலேயே செருகி வைத்திருந்தால் புழு அதையும் தின்னும். படியெடுத்ததும் கழற்றிவிட வேண்டும்.

சொடுக்கியே விட்டால்?

பதற்றம் வேண்டா. முதலில் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வங்கி விவரம் கொடுத்திருந்தால் வங்கிக்கு அழையுங்கள். மலேசியாவில் பணம் பறிபோனால் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணும், சிங்கப்பூரில் 1799 எண்ணும் உள்ளன. பணம் கைமாறிய முதல் சில மணி நேரம்தான் மீட்பதற்கான நேரம். அலுவலகக் கணினி என்றால் தொழில்நுட்பப் பிரிவிடம் உடனே சொல்லுங்கள். கடைசியாக, உங்கள் முகவரிப் பட்டியலில் உள்ளவர்களை எச்சரியுங்கள். வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் புழுவுக்கு நாம் தரும் அவகாசம்.

அன்புத் தம்பி தங்கையரே, இந்த ஆண்டு மலருக்காக நீங்களும் படங்களைத் திரட்டியிருப்பீர்கள். அவை இப்பொழுது எத்தனை இடங்களில் இருக்கின்றன? ஒரே இடத்தில் என்றால், இக்கட்டுரையைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக இன்னொரு படி எடுத்து வையுங்கள்.