கசெற்றுக்குள் இருக்கும் கலியாண வீடு

எமது வீடுகளில் அலுமாரியின் மேல்தட்டில் இன்னமும் வீடியோ கசெற்றுகள் கிடக்கின்றன. கலியாண வீடு, சாமத்திய வீடு, கோவில் திருவிழா என்று உறையில் பேனையால் எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் போட்டுப் பார்க்க டெக் இல்லை. கடைசிவரை வீஎச்எஸ் டெக் செய்துவந்த யப்பானிய நிறுவனமான ஃபுனாய், 2016 யூலையில் அந்த உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழைய டெக் ஒன்றைத் தேடிப்பிடித்து, கசெற்றில் உள்ளதைக் கணனியில் பதிந்துகொள்வதே இன்று உள்ள வழி.

நாங்கள் மூன்று குடும்பத்தவர் சேர்ந்து இந்த வேலையில் இறங்கினோம். எங்களில் எவரும் கணனி படித்தவர் அல்லர். பட்டுத் தெளிந்ததை வாசகர்களுக்குச் சொல்கிறோம்.

ஏன் துண்டாகிறது?

மூன்று மணித்தியாலக் கசெற் ஒன்றை நல்ல தரத்தில், எம்பெக்-2 முறையில் பதிந்தோம். மணிக்கு ஏறத்தாழ 3.6 ஜிகாபைட் வீதம் மொத்தம் 11 ஜிகாபைட் வந்தது. ஆனால் மூன்று துண்டுகளாக வந்தது. டெக்கில்தான் பிழை என்று நினைத்தோம். உண்மையில் பிழை நாங்கள் செருகிய யூஎஸ்பி தட்டில் இருந்தது. அது ஃபற்32 முறையில் அமைக்கப்பட்டிருந்தது. அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டுக்கு மேல் வளர முடியாது. தட்டை எக்ஸ்ஃபற் முறைக்கு மாற்றினால் இந்தத் தடை இல்லை. மாற்றும்போது தட்டில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், ஆகவே உள்ளதை முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

ஒட்டுவது வேறு, மாற்றுவது வேறு

துண்டுகளை ஒட்டுவது, கிழிந்த கொப்பியின் தாள்களை வரிசையாக வைத்துத் தைப்பது போன்றது. எழுத்து அப்படியே இருக்கும், தரம் குறையாது, சில நிமிடத்தில் முடிந்துவிடும். மாற்றுவது என்பது கொப்பி முழுவதையும் இன்னொரு கொப்பியில் சிறிய எழுத்தில் திருப்பி எழுதுவது. இடம் மிச்சமாகும். ஆனால் ஒவ்வொரு முறை எழுதும்போதும் கொஞ்சம் தெளிவு போகும்.

ஆகவே முதலில் ஒட்ட வேண்டும், பிறகு ஒரேயொரு முறை மாற்ற வேண்டும். ஒட்டுவதற்கு லொஸ்லெஸ்கட் என்ற மென்பொருளைப் பாவித்தோம். அது இலவசமாகக் கிடைக்கிறது. துண்டுகளுக்கு 01, 02, 03 என்று பெயரிட்டால் வரிசை குழம்பாது. துண்டுகள், ஒட்டிய கோப்பு, மாற்றிய கோப்பு மூன்றுக்கும் சேர்த்து 25 ஜிகாபைட்டாவது வெறுமையாக இருக்க வேண்டும்.

மாற்றுவதற்கு ஹான்ட்பிறேக் என்ற மென்பொருள் உண்டு, அதுவும் இலவசம். எச்.264 முறையில் மாற்றியபோது எமது 11 ஜிகாபைட் 3 ஜிகாபைட்டுக்குள் வந்தது. ஆட்கள் அசையும்போது சீப்புப் பல்லுப்போலக் கோடுகள் தெரிந்தால் 'டீஇன்ரர்லேஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். பழைய கணனியானால் பல மணித்தியாலம் எடுக்கும். நாங்கள் இரவு வேலைக்குப் போகும்போது தொடக்கிவிட்டுப் போவோம்.

கனடாவில் இருந்து வந்த கலியாணம்

அண்ணனின் கலியாணம் ஐரோப்பாவில், தங்கையின் கலியாணம் கனடாவில். இரண்டையும் ஒன்றாக்கித் தரும்படி ஒரு தாய் கேட்டார். ஒட்டினோம். தங்கை மணவறைக்கு வந்ததும் படம் கலைந்தது, பேச்சு ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம். ஐரோப்பாவில் பாவித்த பால் முறையில் செக்கனுக்கு 25 படங்கள், 576 வரிகள். கனடாவில் பாவித்த என்ரிஎஸ்சி முறையில் ஏறத்தாழ 30 படங்கள், 480 வரிகள். இப்படிப்பட்டவற்றை இரண்டு கோப்பாகவே வைத்திருப்பது நல்லது. ஒன்றாகத்தான் வேண்டுமென்றால், இரண்டையும் ஒரே அளவுக்கும் வேகத்துக்கும் மாற்றிய பின்பே ஒட்ட வேண்டும்.

எமது தவறு

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்களில் ஒருவரின் அம்மம்மா ஊரில் காலமானவர். அவர் நடந்து, சிரித்து, ஆராத்தி எடுக்கும் படம் ஒரேயொரு கசெற்றில்தான் இருந்தது. முதன்முதல் பதிந்தது அதைத்தான். கைத்தொலைபேசியில் உறவினருக்கு அனுப்பும் அவசரத்தில் ஒவ்வொரு துண்டையும் சின்னதாக மாற்றினோம். ஒட்டினோம், பிறகு இன்னொரு முறை மாற்றினோம். இடம் போதாதென்று பெரிய கோப்புகளை அழித்தோம். வீடு மாறியபோது கசெற்றும் குப்பைக்குப் போயிற்று.

இப்போது அம்மம்மா இருக்கிறார். சேலையின் நிறம் தெரிகிறது. முகம் மட்டும் நீர் பட்ட எழுத்துப்போல இருக்கிறது. எந்த மென்பொருளாலும் அந்த முகத்தைத் திருப்பித் தர முடியாது. இல்லாததை ஊகித்து வரையத்தான் அவற்றால் முடியும்.

வாசகர்களே, ஒட்டிய பின் தொடக்கம், நடு, முடிவு, ஒட்டிய இடங்கள் எல்லாவற்றையும் இருந்து பாருங்கள். முதலில் பதிந்த பெரிய கோப்பை அழிக்காதீர்கள். இரண்டு தட்டுகளில் பிரதி எடுத்து, ஒன்றை இன்னொரு வீட்டில் வையுங்கள். கசெற்றையும் எறியாதீர்கள். ஊரில் விட்டுவந்த படங்கள் எத்தனையோ போயின. கையில் இருப்பதையாவது காப்போம்.