பார்க்கின்சன் நோயில் மறைந்திருக்கும் மனச்சோர்வு

அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர், சில ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய்க்காக என்னிடம் சிகிச்சை பெற்று வருகிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன். வலக்கை நடுக்கமும் நடைத் தளர்ச்சியும் மருந்தினால் நன்கு கட்டுப்பட்டிருந்த நிலையில், "முன்னைவிட ரொம்ப மந்தமாயிட்டார் டாக்டர், எதையும் செய்யறதில்லை" என்று அவருடைய மனைவி கூறினார். நோய் முற்றுகிறது என்று எண்ணி லெவோடோபா மருந்தின் அளவைக் கூட்டினேன். மூன்று மாதம் கழித்து வந்தபோதும் அதே குறையைச் சொன்னார், மீண்டும் கூட்டினேன்.

மூன்றாம் முறை வந்து புறப்படும் நேரத்தில், அந்த அம்மையார் கதவருகே தயங்கி நின்றார். "போன வாரம் கோயம்புத்தூர்லேருந்து பேரன் வந்திருந்தான். இவர் ஒரு சிரிப்புகூடச் சிரிக்கலை. வியாதிதான் முகத்தை இப்படி ஆக்கிடுச்சுன்னு நாங்களும் விட்டுட்டோம்" என்றார்.

நான் அவரை மீண்டும் உட்காரவைத்துக் கேட்டேன்: "முகம் சிரிக்கலைன்னா பரவாயில்லை ஐயா. பேரனைப் பார்த்தப்போ மனசுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சா?" நெடுநேரம் பேசாதிருந்தவர், "இல்லை டாக்டர். எதைப் பார்த்தாலும் ஒண்ணும் தோணறதில்லை. யாருக்கும் பாரமில்லாமப் போய்ச் சேர்ந்தாப் போதும்" என்றார்.

அவரை முடக்கியது நடுக்கமோ விறைப்போ அன்று, மனச்சோர்வு. அதை நான் முதல் முறையே கேட்டிருக்க வேண்டும். கேட்காததால் அவருடைய வாழ்வில் ஆறு மாதங்கள் வீணாயின. உங்கள் வீட்டிலும் அவ்வாறு நேராதிருக்கவே இக்கட்டுரை.

மனச்சோர்வும் நோயின் ஒரு பகுதியே

லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டு இந்நோயை விவரித்தபோது, புலன்களும் அறிவும் பாதிக்கப்படுவதில்லை என்றே குறிப்பிட்டார். அதன்பின் நெடுங்காலம் மருத்துவர்களின் கவனம் நடுக்கம், விறைப்பு, அசைவின் மந்தம் ஆகியவற்றிலேயே நிலைத்திருந்தது. இன்று நாம் அறிந்தது வேறு. பார்க்கின்சன் நோயாளிகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குக் கவனிக்கத்தக்க மனச்சோர்வு அறிகுறிகள் உள்ளன. சிலருக்குக் கை நடுங்கத் தொடங்குவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அவை தோன்றிவிடுகின்றன.

இதற்குக் காரணம் மூளையிலேயே இருக்கிறது. இந்நோயில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் மட்டும் அழிவதில்லை. மனநிலை, உறக்கம், ஊக்கம் ஆகியவற்றுக்குத் துணைநிற்கும் செரோட்டோனின், நார்அட்ரினலின் ஆகியவற்றைச் சுரக்கும் அணுக்களும் குறைகின்றன. ஆகவே, "இப்படியொரு வியாதி வந்தால் யாருக்குத்தான் வருத்தம் இராது?" என்று ஒதுக்கிவிடுவது சரியன்று. வருத்தம் இயல்புதான், ஆனால் மாதக்கணக்கில் நீடிக்கும் மனச்சோர்வு சிகிச்சை தேவைப்படும் நோய். அது மனவலிமைக் குறைவும் அன்று, சோம்பலும் அன்று.

ஏன் கண்ணில் படுவதில்லை?

பார்க்கின்சன் நோயில் முகத்தசைகள் விறைத்து, முகம் உணர்ச்சியற்றதுபோல் தோன்றும். குரல் தணியும், நடை தளரும், உறக்கம் கெடும், உடல் எளிதில் களைக்கும். மனச்சோர்விலும் ஏறக்குறைய இவையே காணப்படும். அதனால் ஒன்று மற்றொன்றின் பின்னால் மறைந்துகொள்கிறது. இதற்கு நேர்மாறான தவறும் நிகழ்வதுண்டு: உள்ளுக்குள் மகிழ்ச்சியாக இருப்பவரை, முகத்தைப் பார்த்துச் சோகமாக இருக்கிறார் என்று வீட்டார் கருதிவிடுகிறார்கள். முகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் கேட்டறிய வேண்டும்.

கீழ்க்கண்டவற்றுள் சில, இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்:

- முன்பு விரும்பியவற்றில் மகிழ்ச்சி இல்லாமை
- உடல் இடங்கொடுத்தும் நாளிதழ், கோயில், நண்பர்கள் என எல்லாவற்றிலிருந்தும் விலகுதல்
- "நான் பாரம்", "என்னால் பயனில்லை" என்ற குற்றவுணர்வு
- காரணமற்ற பதற்றம், அச்சம், எரிச்சல்
- விடியலுக்கு வெகுமுன்பே விழித்து, மனம் கனத்துப் படுத்திருத்தல்
- பசியின்மை, எடை குறைதல்
- சாவைப் பற்றிய பேச்சு அல்லது எண்ணம்

மனச்சோர்வைப் போலவே தோன்றும் இரண்டு நிலைகளையும் அறிந்திருப்பது நல்லது. ஒன்று, ஆர்வமின்மை. இதில் நோயாளிக்குத் துயரம் இராது. எதிலும் நாட்டமின்றி இருப்பார், அதைப் பற்றிய கவலையும் அவருக்கு இராது. கவலைப்படுவோர் வீட்டாரே. இதற்கான அணுகுமுறை வேறு. மற்றொன்று, லெவோடோபாவின் பலன் குறையும் நேரத்தில் மட்டும் மனம் தளர்ந்து பதறுவது. அடுத்த வேளை மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் தெளிந்துவிடும். ஒரு வாரம் மருந்து உண்ட நேரத்தையும் மனநிலையையும் ஒரு தாளில் குறித்து வந்தால் இது புலப்படும். மருந்து வேளைகளைச் சீரமைத்தாலே பலருக்கு இது குறையும்.

சிகிச்சை உண்டு

முதலில் தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, இரத்தசோகை ஆகியவை உள்ளனவா எனப் பரிசோதிக்கிறோம். பிறகு பார்க்கின்சன் மருந்துகளைச் சீர்செய்கிறோம். அவற்றுள் பிராமிபெக்ஸால் சிலருக்கு மனநிலையையும் உயர்த்தும். ஆனால் அதை உண்போரில் சிலருக்குச் சூதாட்டம், அளவற்ற செலவு, கட்டுக்கடங்காத உணவு அல்லது பாலுணர்வு நாட்டம் ஏற்படலாம். கூச்சப்படாமல் உடனே சொல்லுங்கள். மருந்தை மாற்ற இயலும்.

செர்ட்ராலின், எஸிடலோபிராம், வென்லாஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் தரப்படுகின்றன. இவற்றின் முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். இவை போதைப் பழக்கத்தை உண்டாக்குபவை அல்ல. எனினும் திடீரென நிறுத்தக் கூடாது. ரசாஜிலின் அல்லது செலிஜிலின் உண்பவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இவை மனச்சோர்வு மருந்துகளுடன் சேரும்போது அரிதாகத் தீங்கு நேரலாம். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் முதியோருக்கு மலச்சிக்கல், சிறுநீர்த் தடை, எழுந்து நிற்கையில் தலைசுற்றல், குழப்பம் ஆகியவற்றைத் தரக்கூடும் என்பதால் கவனத்துடன் கையாள்கிறோம்.

ஓர் எச்சரிக்கை: மனநோய்க்குத் தரப்படும் ஹாலோபெரிடால், வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு போன்றவை பார்க்கின்சன் நோயை மோசமாக்கும். மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்காதீர்கள். எந்த மருத்துவரிடம் சென்றாலும் உங்கள் மருந்துச் சீட்டைக் காட்டுங்கள்.

எதிர்மறை எண்ணங்களை இனங்கண்டு, அன்றாடச் செயல்களை மீண்டும் தொடங்கப் பயிற்றுவிக்கும் மனநல உரையாடல் சிகிச்சையும் இந்நோயாளிகளுக்குப் பலன் தருவது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. நாள்தோறும் நடைப்பயிற்சி செய்வது உடலோடு மனத்துக்கும் நல்லது. மருந்துகளுக்குக் கட்டுப்படாத கடும் மனச்சோர்வுக்கு மின்அதிர்வுச் சிகிச்சை உண்டு. திரைப்படங்களில் காட்டப்படுவதைப்போல அது கொடுமையானதன்று. மயக்க மருந்து கொடுத்தே செய்யப்படுகிறது.

குடும்பத்தாருக்கு

"மனசைத் தைரியமா வெச்சுக்கோங்க" என்ற அறிவுரை, ஏற்கெனவே குற்றவுணர்வில் இருப்பவருக்கு மேலும் ஒரு சுமை. அதைவிட, "உள்ளுக்குள்ள எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். இந்நோயில் பதில் மெதுவாகத்தான் வரும்.

சாகும் எண்ணம் உள்ளதா என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று அஞ்ச வேண்டாம். கேட்பது பாதுகாப்பையே தரும். உண்டு என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் எட்டாத இடத்தில் வையுங்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

கவனித்துக்கொள்வோருக்கும் மனச்சோர்வு வரும். உறக்கமின்மை, அழுகை, வெறுப்பு ஆகியவை உங்களிடம் தோன்றினால் அதையும் எங்களிடம் சொல்லுங்கள். வாரத்தில் சில மணி நேரமாவது வேறொருவரிடம் பொறுப்பை விட்டு ஓய்வெடுப்பது தவறன்று.

அந்த அஞ்சல் துறைப் பெரியவருக்கு லெவோடோபாவைப் பழைய அளவுக்குக் குறைத்து, செர்ட்ராலின் தொடங்கி, மனநல ஆலோசகரிடமும் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து வந்தபோது கை நடுக்கம் அப்படியே இருந்தது. முகமும் அதிகம் மாறவில்லை. ஆனால், "ஞாயித்துக்கிழமை ஆனா பேரனுக்குப் போன் போடச் சொல்லி இவரே கேட்கிறார்" என்றார் அவருடைய மனைவி.

அடுத்த முறை வரும்போது, புறப்படும் நேரம்வரை காத்திராமல், அமர்ந்தவுடனே மனநிலையைப் பற்றிச் சொல்லுங்கள். மருத்துவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள்.